மிச்சக் காற்று

ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழியில்
கதவுகளுக்குத் தனிப் புத்தி வந்துவிடும்.
கணவாய் வழியே இறங்குகிற காற்று
தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டும்.
காற்றாலைகள் ராவும் பகலும் சுற்றும்.
நேற்று பக்கத்து வீட்டு வாளி
ரயில்வே கேட் வரைக்கும் தனியாகப் போய்விட்டது.

எந்தக் கதவைத் திறக்கும் முன்னும்
உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்க்கிறேன்.
"என்ன, காய்ச்சலா அதுக்கு?" என்கிறாள் சுகிர்தா.

பன்னிரண்டு வருடம்
வளைகுடாவில் விமானக் கதவுகளோடு கிடந்தவன் நான்.

ஊருக்கு வந்தால் எல்லோரும் கேட்பார்கள்,
மேலே போகும்போது ஒருத்தன் கிறுக்குப் பிடித்துத் திறந்துவிட்டால்?
திறக்க முடியாது.
உள்ளே இருக்கும் காற்று டன் கணக்கில்
அதன்மேல் சாய்ந்து நிற்கிறது.
பத்து ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது.
கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

நான் பயப்படுவது தரையில்.
சக்கரத்துக்குக் கட்டை வைத்து
எல்லாம் முடிந்தது என்று
கை தட்டி எழுந்துகொள்கிற இடத்தில்.

அன்றைக்குப் பயணிகள் இல்லை, சோதனைதான்.
காற்று வெளியேறும் வால்வை யாரோ மூடினார்கள்.
யாரோ திறப்பார்கள் என்று போனார்கள்.
உள்ளே ஜெர்வின், குறும்பனைக்காரன்.
கீழே நான்.
ஏணி வண்டி இன்னும் நாலடி தள்ளி
வந்துகொண்டிருந்தது.

"காது அடைக்குது மக்கா" என்றான் வாக்கி-டாக்கியில்.
"பேச்சிப்பாறைக்கு ஏறுறதா நெனச்சுக்க,
எச்சில முழுங்கு" என்றேன்.
சிரித்தான். நானும்.

நின்றுகொண்டிருக்கும் விமானத்தில்
ஒருவனுக்கு ஏன் காது அடைக்க வேண்டும்?
இந்தக் கேள்வியை நான்
ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
அன்று ஒரு நொடி கேட்டிருந்தால் போதும்.

கதவின் சின்னக் கண்ணாடிக்குக் கீழே
சிவப்பு விளக்கு மினுக்கியிருக்கும்.
மேற்கு பார்த்த கதவு.
அந்த நேரத்து வெயிலில் எல்லாமே சிவப்பு.

"கைப்பிடி இறுக்கமா இருக்கு" என்றான் பிறகு.
இறுக்கம் என்பது கதவு பேசிய ஒரு சொல்.
நாங்கள் அதைப் பலம் போதவில்லை என்று புரிந்துகொண்டோம்.
நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.
இந்த விரல்தான்.

சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு
என்று விசாரணையில் எழுதினார்கள்.
அவ்வளவுதான், ஒரு கொய்யாக்காய் கனம்.
ஆனால் கதவு பெரியது,
அங்குலங்கள் மூவாயிரத்துக்கும் மேல்.
பெருக்கிப் பார்த்தால்
இரண்டு உழவு மாடு.

சத்தம் எனக்கு நினைவில்லை.
கதவு போன இடத்தில்
வானத்தின் அளவாக ஓர் ஓட்டை இருந்தது.
அவன் கைப்பிடியை விடவில்லை.
பதினைந்து அடி.

பெட்டி திருவனந்தபுரம் வந்து
களியக்காவிளை வழியாக ஆம்புலன்சில் போனது,
நான் பக்கத்தில்.
ஈயம் வைத்து அடைத்த தகரம்.
திறக்கக் கூடாது என்று மூன்று மொழியில் ஒட்டியிருந்தது.
பங்குச் சாமியும் வேண்டாமென்றார்.
அவன் தங்கை பிரின்சி மட்டும்
என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"அண்ணன் கதவு வேலதான பாத்தீங்க?"

திருப்புளியை எடுத்தேன்.
அதற்கு முன் உள்ளங்கையை வைத்தேன்,
முதல் தடவையாக,
மூடியின்மேல், ரொம்ப நேரம்.
கடற்கரை முழுக்கக் காத்திருந்தது.
யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஈயம் விட்டபோது ஸ்ஸ் என்று ஒரு சின்னச் சத்தம்.
எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
ஆனால் எதுவும் வெளியே வரவில்லை.
பாலைவனத்துச் சூட்டில் அடைத்த பெட்டி,
இங்கே வந்து ஆறியிருந்தது.
காற்றுதான் உள்ளே போனது.
கருவாடும் உப்பும் கலந்த
குறும்பனைக் காற்று,
ஒரே ஒரு இழுப்பு.

சுகிர்தா பின்கட்டில் கூப்பிடுகிறாள்,
வாசல் கதவு அடித்துக்கொள்கிறதாம்.
போகிறேன்.
கொஞ்சம் பொறு என்று
அவளிடம் சொல்கிறேனா, கதவிடமா தெரியவில்லை.